இரண்டு வருட விருந்தாளி

விருந்தும் மருந்தும் மூன்று நாளைக்கு என்பது நம்மவர் வழக்கு. மூன்று நாள் கழிந்த பின்னர் மருந்து கசக்கிறதோ இல்லையோ, விருந்தாளி கசக்கத் தொடங்கிவிடுகிறார். வந்த அன்று அவருக்கென்று தனியாகப் பொரித்து வைத்த கறி, நாலாம் நாள் வீட்டிலுள்ளோர் எல்லோருக்கும் வைக்கும் கறியாகிவிடுகிறது. எட்டாம் நாள், இவர் எப்பொழுது புறப்படுவார் என்னும் கேள்வி வீட்டுக்காரரின் கண்களில் எட்டிப் பார்க்கிறது. இது மனித இயல்பு. இதற்காக யாரையும் குறை கூறுதற்கில்லை.

இந்த வாரம் நாம் சொல்லப் புகுவது, மூன்று நாளன்று, ஏறக்குறைய இரண்டு வருட காலம் தம்பியாரின் வீட்டில் விருந்தாளியாக இருந்த ஓர் ஓவியரின் கதை. அவர் பெயர் வின்சென்ற் வான் கோ. ஒல்லாந்து தேசத்தவர். வீடு இருந்த நகரம் பாரிஸ். காலம், 1886ஆம் ஆண்டு பெப்ரவரி மாத இறுதியிலிருந்து 1888ஆம் ஆண்டு பெப்ரவரி 19ஆந் திகதி வரை.

வான் கோ சூரியகாந்திப் பூக்களை வரைந்ததையும், தம் செவியைத் தாமே அறுத்துக்கொண்டதையும் பள்ளி மாணவரும் அறிவர். அவற்றுக்கு முன்னே பாரிஸில் கழிந்த இந்த இரண்டு வருடங்களைப் பற்றி அத்துணை பேசுவாரில்லை. அதற்குக் காரணமும் உண்டு. அவருடைய வாழ்க்கையை உலகம் அறிந்துகொண்டது பெரும்பாலும் அவர் தம் தம்பியார் தியோவுக்கு எழுதிய கடிதங்களினாலேயாம். ஒரே கூரையின் கீழ் வாழும் தமையனும் தம்பியும் ஒருவருக்கொருவர் கடிதம் எழுதுவார்களா? தியோ ஊருக்குப் போயிருந்த வேளைகளில் எழுதப்பட்டவை போன்ற ஒரு சிலவற்றைத் தவிர, அக்காலத்துக் கடிதங்கள் இல்லை. ஆகவே, மற்றவர்கள் எழுதிவைத்த குறிப்புக்களையும், வின்சென்ற் தீட்டிய ஓவியங்களையும் கொண்டே இந்த விருந்தின் கதையை நாம் அறிய வேண்டியிருக்கிறது.

முதலில் வீட்டுக்காரரைப் பார்ப்போம். தியோ தமையனாருக்கு நான்கு வயது இளையவர். அப்பொழுது அவருக்கு வயது 28. பாரிஸில் மொன்மார்த் பெருவீதியில் இருந்த ஓர் ஓவிய வாணிபக் கிளைக்கு அவர் முகாமையாளர். வின்சென்றும் ஒரு காலத்தில் அதே தாபனத்தில், அது பழைய பெயரில் நடந்தபோது, வேலை செய்தவர்தான். பதினாறாவது வயதிற் சேர்ந்து, ஹேக், இலண்டன், பாரிஸ் ஆகிய நகரங்களில் வேலை பார்த்து, 1876இல் விலக்கப்பட்டார். அதன் பின்னர் ஆசிரியத் தொழில், புத்தகக்கடை வேலை, சமய போதனை எனப் பலவும் முயன்றார், ஒன்றும் கைகூடவில்லை. 1880இல், 27 வயதில், ஓவியனாவதென்று முடிவு செய்தார். அன்று முதல் தம்பியார் மாதந்தோறும் அனுப்பிய பணமே அவருக்குச் சீவனம்.

தம்பியிடம் தருமம் வாங்குகிறோம் என்ற எண்ணம் மூத்தவரை உறுத்தாமலிருக்குமா? 1884ஆம் ஆண்டில் அவர் ஓர் ஏற்பாட்டைத் தாமே கூறினார். தாம் வரையும் படங்கள் தம்பியாருக்குச் சொந்தம். தம்பியார் அனுப்பும் பணம் அவற்றின் விலை. அந்தப் படங்களை அன்று விலை கொடுத்து வாங்குவார் யாருமிலர் என்பது இருவருக்கும் தெரியும். ஆயினும் ஒருவர் மானத்துக்கும் மற்றவர் அன்புக்கும் அவ்வேற்பாடு இடம் கொடுத்தது.

இனி, விருந்தாளி வந்த விதத்தைக் கேளுங்கள். பெல்ஜியத்தின் அன்ற்வேப் நகரத்து ஓவியக் கல்லூரியிற் பயின்றுகொண்டிருந்த வின்சென்ற், பாரிஸுக்கு வரவேண்டுமென்று நச்சரித்துக்கொண்டிருந்தார். தம் இருப்பிடம் சிறியது, பெரிய வீடு பார்த்தபின் யூன் மாதத்தில் வரலாம் என்பது தியோவின் எண்ணம். பெப்ரவரி இறுதியில் ஒரு நாள், வேலைத்தலத்தில் இருந்த தியோவின் கையில் ஒரு துண்டுக் கடிதம் வந்து சேர்ந்தது. சொல்லாமல் வந்துவிட்டதற்குக் கோபிக்க வேண்டாம், லூவர் நூதனசாலையின் சதுர மண்டபத்தில் காத்திருப்பேன், எப்பொழுது வர முடியும் என்று அறிவி என்பது அதன் சாரம்.

பெட்டியும் கையுமாக நேரே வீட்டுக் கதவைத் தட்டுவதுதான் விருந்தாளிகள் வழக்கம். இவரோ, புது நகரத்தில் இறங்கியதும் பெரும் ஓவியர்களின் படங்கள் தொங்கும் மண்டபத்துக்குப் போய் நின்றுகொண்டு, அங்கே வந்து என்னை அழைத்துப் போ என்கிறார். அழையாமல் வந்தவர் தாம் எதற்காக வந்தார் என்பதை அந்த இடத்தைக் கொண்டே சொல்லிவிட்டார் போலும்.

தியோ அழைத்துப் போனார். லவல் வீதியில் அவருக்கிருந்த இடத்தில் படம் வரைய வசதியில்லை. யூன் மாதத்தில் விருந்தாளிக்காக வீட்டுக்காரரே வீடு மாறினார். மொன்மார்த் குன்றின் சரிவில், லெப்பிக் வீதி 54ஆம் இலக்கத்தில், மூன்றாம் மாடியில் இருந்தது புதிய வீடு. ஓரளவு பெரிய மூன்று அறைகள், ஒரு சிற்றறை, ஒரு சிறு சமையலறை. சிற்றறை வின்சென்றின் படுக்கைக்கு. அதன் பின்னால் இருந்த அறை அவருக்குச் சித்திரக்கூடம். சாளரத்தைத் திறந்தால் நகரம் முழுவதும் கீழே விரிந்து கிடக்கும். வெளியே சிறிது தூரம் ஏறினால் பழைய காற்றாலைகளும் தோட்டங்களும் உண்டு. அவற்றையெல்லாம் அவர் வரைந்திருக்கிறார்.

வின்சென்ற் பாரிஸுக்கு வந்தபோது எத்தகைய ஓவியர்? 1885இல் அவர் தீட்டிய ‘உருளைக்கிழங்கு உண்போர்’ என்ற படத்தைப் பார்த்தவர்க்கு இது விளங்கும். மண்ணின் நிறம், புகையின் நிறம், தோல் சீவாத கிழங்கின் நிறம். வெளிச்சம் என்பது ஒரே ஒரு விளக்கு. பாரிஸில் புதிய ஓவியர்கள் ஒளியையும் பளிச்சென்ற வர்ணங்களையும் கொண்டு வரைகிறார்கள் என்று தியோ முன்னரே எழுதியிருந்தார். ஆனால், வர்ணத்தைக் கடிதத்தில் எழுதிக் காட்ட முடியுமா? அன்ற்வேப்பில் இருந்தவரை அந்தப் புதிய கூட்டத்தார் யாவர் என்பதே தமக்குத் தெரியாது என்று வின்சென்ற் பின்னர் ஒரு நண்பருக்கு எழுதினார்.

அவர் வந்த நேரமும் நல்ல நேரமே. கணத்தில் தோன்றி மறையும் ஒளியைத் தீட்டியதால் ‘இம்பிரெஷனிஸ்ற்’ எனப் பெயர் பெற்ற அக்கூட்டத்தாரின் எட்டாவதும் இறுதியுமான கண்காட்சி, 1886ஆம் ஆண்டு மே மாதம் 15ஆந் திகதி திறக்கப்பட்டது. ஆற்றின் நடுவேயுள்ள தீவொன்றில் மக்கள் ஞாயிற்றுக்கிழமை உலாவும் காட்சியைப் புள்ளி புள்ளியாகவே தீட்டிய ஜோர்ஜ் சேராவின் பெரும் படம் அங்கே வைக்கப்பட்டிருந்தது.

படிப்பதற்காகக் கோர்மன் என்பவருடைய சித்திரக்கூடத்திலும் வின்சென்ற் சேர்ந்தார். மூன்று நான்கு மாதங்களே அங்கு தரித்தார். எதிர்பார்த்த பயன் கிட்டவில்லை. எனினும், துலூஸ் லோத்ரெக், எமில் பேர்னார், அங்கெத்தன் என்னும் இளம் ஓவியரோடு நட்பு வாய்த்தது அந்தக் கூடத்தினாலேதான். கல்விச்சாலைகள் செய்யும் உபகாரம் பல சமயங்களில் இவ்வளவே. ஆசிரியர் கற்பிப்பதிலும் அருகில் இருப்பவன் கற்பிப்பது அதிகம். ஆசிரியராகிய நாமே இதைச் சொல்லுகிறோம்.

அவருக்கு உருவம் வரைய ஆசை. உருவம் வரைய வேண்டுமானால் முன்னால் வந்து இருப்பவருக்குக் கூலி கொடுக்க வேண்டும். கையில் காசில்லை. ஆகவே பூக்களை வரைந்தார். செவ்வண்ணப் பொப்பி, நீலப்பூ, ரோசா, மஞ்சட் செவ்வந்தி. நீலத்துக்கு அருகில் செம்மஞ்சள், சிவப்புக்கு அருகில் பச்சை, மஞ்சளுக்கு அருகில் ஊதா என்று ஒன்றையொன்று தூக்கிக் காட்டும் நிறங்களை இணைத்துப் பார்ப்பதற்கு அவை அவருக்குப் பாடநூல்களாயின. தெரிந்தவர்கள் வாரந்தோறும் ஒரு கொத்துப் பூ அனுப்பிவைக்கிறார்கள் என்று தியோ அந்த 1886ஆம் ஆண்டு கோடையில் தாயாருக்கு எழுதினார்.

பூவும் கிடைக்காதபோது கண்ணாடி இருந்தது. கண்ணாடியில் தெரியும் முகத்துக்குக் கூலி வேண்டாமன்றோ? அவர் தம்மைத் தாமே வரைந்த எண்ணெய் வர்ணப் படங்கள் சுமார் 35. அவற்றிற் பெரும்பாலானவை பாரிஸில் வரையப்பட்டவை. அவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால், கபில நிறத்திலிருந்து ஒருவருடைய முகம் மெல்ல மெல்ல நீலமும் பச்சையும் செம்மஞ்சளுமாக விடிந்து வருவதைக் காணலாம். தற்பெருமையால் வரைந்தவையல்ல, வறுமையால் வரைந்தவை.

பணமில்லாத ஒருவர் பாரிஸ் போன்ற மாநகரத்தின் கலையுலகத்துள் எப்படிப் புகுவது? செல்வர் வாயில்கள் அவருக்குத் திறவா. ஆனால், பண்டமாற்றுக்குச் சம்மதிக்கும் சிறிய வாயில்கள் எந்தப் பெருநகரத்திலும் உண்டு. அவற்றுள் ஒன்று கிளோசெல் வீதியில் இருந்த தாங்கீ என்ற கிழவரின் வர்ணக்கடை. 1871இல் பாரிஸ் மக்கள் நடத்திய கிளர்ச்சியிற் சேர்ந்து சிறை சென்றவர் அவர். ஏழை ஓவியருக்கு வர்ணத்தைக் கடனாகவும், அவர்தம் படங்களுக்கு மாற்றாகவும் கொடுப்பார். செசானின் படங்களைப் பார்க்க வேண்டுவோர் அக்காலத்தில் அந்தக் கடைக்கே போக வேண்டும். வின்சென்ற் அவரை மூன்று முறை வரைந்திருக்கிறார். அவற்றுள் புகழ்பெற்றது 1887இல் வரைந்தது. தொப்பியோடு கைகோத்து, ஒரு தவசியைப் போல் கிழவர் அமர்ந்திருக்கிறார். பின்னணியிற் சுவரெல்லாம் யப்பானியச் சித்திரங்கள்.

அந்த யப்பானியச் சித்திரங்களே இரண்டாவது வாயில். மர அச்சிற் பதித்த அப்படங்கள் மலிவானவை. கீழைத்தேயப் பொருள் விற்ற பிங் என்பவரின் கடையில் வின்சென்ற் அவற்றைக் கிளறிக் கிளறிப் பார்த்தார்; நூற்றுக்கணக்கில் வாங்கினார். ஹிரோஷிகே வரைந்த மழைப் பாலத்தையும், பூத்து நிற்கும் மரத் தோட்டத்தையும் தம் கையால் எண்ணெய் வர்ணத்தில் பெயர்த்து எழுதினார். பாரிஸில் இருந்துகொண்டே யப்பானுக்குப் போய் வந்தார் எனலாம்.

மூன்றாவது, உணவுச்சாலைகள். ‘தம்புரின்’ என்ற கோப்பிச்சாலையில், அதன் உரிமையாளரான இத்தாலிய மாது அகொஸ்தினா செகத்தோரியின் சம்மதத்தோடு, 1887இல் தம் யப்பானியப் படங்களைக் கண்காட்சியாக வைத்தார். அவ்வாண்டு இறுதியில், கிளிஷி வீதியில் இருந்த ஒரு பெரிய போசனசாலையின் சுவர்களில் தம் நண்பர்களின் படங்களையும் தம்முடையவற்றையும் தொங்கவிட்டார். பேர்னாரும் அங்கெத்தனும் அங்கே தத்தம் படத்தை விற்றனர். வின்சென்றின் படம் ஒன்றும் விலைபோகவில்லை. ஆனால், கோகான் என்ற ஓவியர் வந்து பார்த்து, வின்சென்றின் இரண்டு சூரியகாந்திப் படங்களைப் பெற்றுக்கொண்டு, தாம் மார்த்தினிக் தீவில் வரைந்த படம் ஒன்றைக் கொடுத்தார்.

இவ்வளவும் கேட்கும்போது இனிமையாக இருக்கிறது. வீட்டினுள்ளே நடந்ததையும் சொன்னாலன்றி நியாயமாகாது.

தியோ பகல் முழுவதும் கடையில் நின்றுவிட்டு இரவு களைத்து வருவார். அப்பொழுதுதான் தமையனாருக்குப் பேச்சுத் தொடங்கும். கலை, கலை வாணிபம், தம்பியார் அந்தத் தாபனத்தை விட்டு விலக வேண்டியதன் அவசியம் என்று நள்ளிரவு வரை போகும். தம்பியார் படுத்துவிட்டால் ஒரு கதிரையை இழுத்துக் கட்டிலருகே போட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்வார் என்று தியோவின் மனைவியார் பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். 1887ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், தியோ தம் சகோதரிக்கு மனம் திறந்து ஒரு கடிதம் எழுதினார். வீட்டு வாழ்க்கை பொறுக்க முடியாததாகிவிட்டது, வந்தால் சண்டையில் முடிகிறது என்று ஒருவரும் வருவதில்லை, வீடோ அலங்கோலம், அவர் தனியே போய் இருந்தால் நன்று, ஆனால் போ என்று நான் சொன்னால் அதற்காகவே போகாமல் இருப்பார் என்று எழுதினார். ஒரே உடலில் இரண்டு மனிதர் இருப்பது போலத் தோன்றுகிறது, ஒருவர் அருங்கலையும் மென்மையும் வாய்ந்தவர், மற்றவர் தன்னலமும் கல்நெஞ்சும் கொண்டவர் என்றும் வருந்தினார்.

கைவிட்டுவிடு என்பது சகோதரியின் ஆலோசனை. அதற்குத் தியோ கூறிய மறுமொழியே இக்கட்டுரையை எழுத நம்மைத் தூண்டியது. உதவுவது பிழையோ என்று நானும் பலமுறை எண்ணியதுண்டு. அவர் வேறு தொழில் செய்பவராயின் நீ சொன்னதை எப்பொழுதோ செய்திருப்பேன். ஆனால் அவர் ஐயமின்றி ஓவியர். இப்பொழுது செய்வது அழகாக இல்லாவிடினும் பின்னர் அது பயன்படும். அவர் வேலையைத் தடைசெய்வது பாவம் என்ற கருத்துப்பட எழுதினார்.

இங்கே தியோ இரண்டு கேள்விகளைப் பிரித்து வைத்துப் பார்க்கிறார். இவரோடு ஒரு வீட்டில் வாழ முடியுமா என்பது ஒன்று. இவர் செய்யும் வேலை காக்கத்தக்கதா என்பது மற்றொன்று. முதற் கேள்விக்கு, முடியாது என்று ஒளிவுமறைவின்றிச் சொல்லுகிறார். அந்த விடையைக் கொண்டு இரண்டாவது கேள்விக்கும் தீர்ப்பு எழுத மறுக்கிறார்.

நம்மிற் பெரும்பாலார் செய்வது இதற்கு மாறானது. பழக இனியவனின் வேலையை உள்ளதற்கு மேல் மதிக்கிறோம். பழகக் கடினமானவனின் வேலையைப் பார்ப்பதேயில்லை. வகுப்பிலும் இதுவே நடக்கிறது. அடக்கமான மாணவனின் கட்டுரைக்கு இரண்டு புள்ளி கூடுகிறது. எதிர்த்துப் பேசும் மாணவனின் கட்டுரையில் நல்ல வாக்கியம் ஒன்று இருந்தாலும் திருத்துபவரின் சிவப்பு மை அதன்மேல் ஓடிவிடுகிறது. குடும்பங்களிலும் அப்படித்தான். உத்தியோகம் பார்க்காமல் எழுதிக்கொண்டோ, வரைந்துகொண்டோ, பாடிக்கொண்டோ இருக்கும் பிள்ளை உண்ட கோப்பையைக் கழுவாமல் விட்டால், அந்தக் கோப்பையே அவன் கலைக்கும் எதிர்ச்சாட்சியாகிவிடுகிறது.

இதனால், கலைஞராயின் எதையும் செய்யலாம், பொறுத்துக்கொள்ள வேண்டியது மற்றவர் கடமை என்று நாம் கூறவரவில்லை. தியோ பட்ட துன்பம் மெய்யான துன்பம். கட்டிலருகே கதிரையைப் போட்டு அவரை உறங்கவிடாமல் செய்ததை எந்தச் சூரியகாந்தியும் நியாயமாக்காது. பிழையைப் பிழையென்று சொல்லிக்கொண்டே படத்தைப் படமென்று அறிந்தார் தியோ. அவர் பெருமை அதுவே. அடுத்த மாதமே இருவரும் சமாதானமாயினர்.

விருந்தாளியும் சும்மா உண்டு போகவில்லை. இரண்டு வருடத்தில் இருநூறுக்கு மேற்பட்ட படங்கள் வரைந்தார். அதனினும் பெரிய கைம்மாறு வேறொன்று. தாம் தேடிச் சென்ற ஓவியர்களையெல்லாம் தம்பியாருக்கு அறிமுகம் செய்துவைத்தார். தியோவும் மோனே, டெகா, பிசாரோ, கோகான் முதலியோரின் படங்களைத் தம் கடையின் மேற்றளத்தில் வைத்து விற்கும் துணிவுடையவரானார். ஊரைச் சுற்றிய விருந்தாளி, அந்த ஊரிலேயே வாழ்ந்த வீட்டுக்காரருக்கு ஊரைக் காட்டிக்கொடுத்தார்.

நகரத்து ஆரவாரமும் குடியும் குளிரும் உடலைத் தேய்க்க, வின்சென்ற் தெற்கே ஆர்ல் என்னும் சிற்றூருக்குப் போக முடிவு செய்தார். புறப்படுமுன் இருவரும் சேராவின் சித்திரக்கூடத்துக்குச் சென்று அவர் படங்களைப் பார்த்தனர். லூவரில் சந்தித்துத் தொடங்கிய விருந்து, மீண்டும் படங்களின் முன்னே முடிந்தது. தாம் போன பின்னும் தம்பியாருக்குத் தனிமை தோன்றாதபடி, சுவரில் யப்பானியப் படங்களைப் பொருத்தி அறையை ஒழுங்குசெய்து வைத்துவிட்டுப் போனார் என்று பேர்னார் நினைவுகூர்ந்திருக்கிறார். இரண்டு வருடம் அலங்கோலம் செய்தவர் கடைசி நாளில் வீட்டைத் திருத்தினார்!

ஓராண்டுக்கு முன், போய்விட்டால் நன்று என்று எழுதிய அதே தியோ, இப்பொழுது அதே சகோதரிக்கு வேறு விதமாக எழுதினார். வீடு வெறுமையாக இருக்கிறது. வின்சென்றைப் போன்ற ஒருவரின் இடத்தை நிரப்புவது எளிதன்று. அவர் பெயர் பெறுவது உறுதி என்பது அக்கடிதத்தின் சாரம்.

தாங்கீயின் கடையில் பெற்ற வர்ணமும், பிங்கின் கடையில் பெற்ற பார்வையும், பூக்களில் கற்ற நிறப்பொருத்தமும் ஆர்லின் வெயிலில் எப்படிப் பழுத்தன என்பதை உலகம் அறியும். 1890ஆம் ஆண்டு யூலை 29ஆந் திகதி வின்சென்ற் இறந்தார். ஆறு மாதத்துக்குள், 1891ஆம் ஆண்டு சனவரி 25ஆந் திகதி, தியோவும் இறந்தார். 1914இல் தியோவின் உடல் தமையனாரின் கல்லறைக்கு அருகே கொண்டுவந்து அடக்கப்பட்டது. விலைபோகாமல் தம்பியாரிடம் தங்கிய படங்களே, 1973இல் அம்ஸ்ரர்டாம் நகரிற் திறக்கப்பட்ட வான் கோ நூதனசாலைக்கு மூலதனமாயின.

எல்லோரும் தியோவாக முடியாது. இரண்டு வருடம் ஒருவரை வீட்டில் வைத்திருக்கும் வசதியும் பொறுமையும் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை, வாய்க்காததில் குற்றமுமில்லை. ஆனால் அந்த வீட்டுக்கு வாரந்தோறும் ஒரு கொத்துப் பூ அனுப்பியவர்களும் இருந்தார்கள். பெருஞ்செலவொன்றும் இல்லை. இன்னாருக்குப் பூ இருந்தால் படம் வரைவார் என்று நினைவில் வைத்துக்கொண்டார்கள், அவ்வளவே. அவர்கள் அனுப்பிய பூக்கள் வாடவில்லை.